லம்போனி பழுக்காத வருடம்

காலை ஏழு பத்து. கதவைத் திறந்ததும் நான் முதலில் கண்டது, நடைபாதையில் கிடந்த பச்சைத் தண்டுகளின் குவியல். இலைகள் இன்னும் வாடவில்லை. வெட்டுவாய்களில் ஈரம் இருந்தது. குவியலுக்குப் பக்கத்தில் அப்பா கத்தரிக்கோலை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டு நின்றார். முகத்தில் திருப்தி தெரிந்தது.

அது ஓகஸ்ட் மாதம். இத்தாலியில், பலெர்மோவை ஒட்டிய மொண்டெல்லோவில், கடற்கரைக்கு இரண்டு தெரு உள்ளே, மலையடியில் இருந்த ஒரு பெரிய வீட்டின் பின்பக்க அறையில் நாங்கள் குடியிருந்தோம். அப்பா தோட்டத்தையும் வாசல் கதவையும் பார்த்தார். அம்மா வீட்டு வேலை செய்தார். வீட்டில் இருந்தது சின்யோரா என்று நாங்கள் கூப்பிட்ட முதலாளியம்மா மட்டும். வடக்கே மலைநாட்டில் பிறந்து, கல்யாணத்தோடு பலெர்மோவுக்கு வந்தவர், கணவர் இறந்துவிட்டார். ஓகஸ்ட் வெயிலுக்குத் தப்பித் தங்கையின் ஊருக்குப் போகும்போது அப்பாவிடம் ஒரே ஒரு வேலை சொல்லியிருந்தார்: லம்போனிப் பாத்தியை வெட்டித் துப்புரவாக்க வேண்டும்.

ராஸ்பெரியை இத்தாலியில் லம்போனி என்பார்கள். விரல்நுனியில் தொப்பிபோல மாட்டக்கூடிய சிவப்புப் பழம். குளிர்நாட்டுச் செடி, பலெர்மோ வெயிலில் நிற்கவே கூடாதது. சின்யோரா அதை வீட்டின் வடக்குச் சுவர் நிழலில் நட்டு, மேலே வலை கட்டி, அடியில் வைக்கோல் பரப்பி, பிடிவாதமாக வளர்த்தார். பழம் பறிக்கும்போது என்னோடு ஓயாமல் கதைப்பார். அப்படித்தான் எனக்குத் தெரியும்: ஒரு தண்டு முதல் வருடம் பச்சையாக வளரும், இரண்டாம் வருடம் பழுக்கும், பிறகு செத்துப்போகும். பழுத்து முடிந்த பழுப்புத் தண்டுகளைத் தரையோடு வெட்ட வேண்டும். பச்சைத் தண்டுகளை விட வேண்டும். அடுத்த வருடத்துப் பழம் அவற்றில்தான் வரும்.

அப்பா பச்சையை வெட்டியிருந்தார். பழுப்புத் தண்டுகள் கம்பியில் கட்டியபடி, பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல வரிசையாக நின்றன.

"ஏனப்பா பச்சையை வெட்டினனீங்கள்?"

"மூட்டிலை வாற குருத்தை விட்டால், தாய்க்கொடியின்ரை சத்தெல்லாத்தையும் அது உறிஞ்சிப்போடும். முந்திரிகை வெட்டின கையடி இது! வாற வருசம் பார், பழம் போடக் கூடை காணாமல் சின்யோரா ஓடித் திரிவா."

யாழ்ப்பாணத்தில் திராட்சையைத்தான் முந்திரிகை என்பார்கள். அப்பா இளவயதில் உரும்பிராயில் ஒரு முந்திரிகைத் தோட்டத்தில் வேலை செய்தவர். முற்றிய கொடியை வைத்துக்கொண்டு அடிக்குருத்தைக் கிள்ளுவது அந்தத் தோட்டத்தின் முறை. அந்த முறையில் பார்த்தால் அவர் செய்ததில் ஒரு பிழையும் இல்லை.

சின்யோரா சொன்னதை நான் சொன்னேன். அப்பா சிரித்தார். பிறகு ஒரு பழுப்புத் தண்டை இரண்டு விரலால் வளைத்தார். அது படக்கென்று முறிந்தது. அடுத்ததும் முறிந்தது. மூன்றாவதை அவர் தொடவில்லை.

கோப்பிக் கோப்பையோடு வெளியே வந்த அம்மாவுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எங்கள் முகங்களையும் குவியலையும் பார்த்தே விளங்கிக்கொண்டார்.

"உங்கடை கொப்பற்றை தோட்டமெண்டு நினைச்சு வெட்டினியளோ?"

"சத்தம் போடாதை. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்."

"கேட்டால் என்ன? அவைக்குத் தமிழ் விளங்குமோ?"

"நீ அழுறது விளங்கும்."

அம்மா அழுதது ஒரு பாத்திப் பழத்துக்காக அல்ல. சின்யோராவின் மகன் மிலானோவில் இருந்தார். ஒவ்வொரு ஜூனிலும் லம்போனி பழுக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். அந்த வருட ஜூனில் வந்தவர், உரிந்த சுவரையும் தண்ணீர் வராத நீரூற்றையும் சுற்றிப் பார்த்தார். மேசையில் நான் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தபோது தாயிடம் சொன்னார்: "இந்தப் பழத்தைத் தவிர இங்கே ஒன்றும் ஒழுங்காக இல்லை. அடுத்த ஜூன் வந்து பார்ப்பேன். இப்படியே இருந்தால் ஒரு முடிவு எடுக்க வேண்டியதுதான், அம்மா."

அதை நான் அப்படியே அம்மாவிடம் ஒப்புவித்திருந்தேன். எங்களுக்கு அந்த முடிவுக்கு ஒரே பொருள்தான் இருந்தது. அப்பாவை நிறுத்துவார்கள். வேலை போனால் அறை போகும். வேலை ஒப்பந்தமும் முகவரியும் இல்லாமல் பெர்மெஸ்ஸோவை, அதாவது நாட்டில் தங்கும் அனுமதியை, புதுப்பிக்க முடியாது. பெர்மெஸ்ஸோ இல்லாதவர்கள் என்ன ஆவார்கள் என்று எனக்குத் தெரியாது. பெரியவர்கள் அந்த இடத்தில் வந்ததும் கதையை நிறுத்திவிடுவார்கள். அதனால் நானே கற்பனை செய்துகொண்டேன். தெருவில் போலீஸ் வாகனம் மெதுவாகப் போனால் வாசல் கதவின் தாழ்ப்பாளைச் சரிபார்ப்பேன்.

செப்டெம்பரில் சின்யோரா திரும்பினார். தொப்பியைக் கழற்றும் முன்பே பாத்திக்குப் போனார். நான் சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன். அவர் ஒரு தண்டைத் தொட்டுப் பட்டையை நகத்தால் உரித்தார். அப்பாவைக் கூப்பிடவில்லை. உள்ளே வந்து கைகழுவினார்.

"சின்யோரா, அவர் தெரியாமல்..." என்று அம்மா இத்தாலிய மொழியில் தொடங்கினார்.

சின்யோரா உள்ளங்கையை உயர்த்தினார். "இதைப் பற்றி ஒருவரிடமும் கதைக்க வேண்டாம்" என்றார். அவ்வளவுதான்.

கத்தியிருந்தால் எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "மகன் வரட்டும் எண்டு வைச்சிருக்கிறா" என்றார் அம்மா. அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர் சின்யோராவின் காலடிச் சத்தத்தைக் கவனித்தபடியே வேலை செய்தார்.

செத்த தண்டுகளை அப்பா அகற்றினார். மார்ச்சில் மண்ணிலிருந்து புதுக்குருத்துகள் வந்தன. அப்பா அவற்றை ஒரு சாண் இடைவெளிக்கு ஒன்றாக ஐதாக்கி, கம்பியில் கட்டி, தேவைக்கு மேலேயே தண்ணீர் விட்டார். மே மாதத்தில் அவை என் தோளைத் தாண்டின. காலையில் பல் துலக்கும் முன் அப்பா ஒவ்வொரு இலையாகப் புரட்டுவார். ஒரு பூவும் இல்லை. அவை அந்த வருடம் வளர்வதற்கு மட்டுமே வந்தவை.

மகன் வருவதற்கு முதல்நாள், சின்யோரா அம்மாவைப் பஸ் பிடித்து நகரத்துக்குப் போய் லம்போனி வாங்கி வரச் சொன்னார். மொண்டெல்லோக் கடைகளில் வேண்டாம், அங்கே தன்னை எல்லோருக்கும் தெரியும் என்றார். அம்மா வுச்சீரியாச் சந்தையில் தேடி, கிடைக்காமல், கடைசியில் ஸ்டேஷன் பக்கத்துக் கடையொன்றில் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் பெட்டிகளில் வாங்கி வந்தார். சின்யோரா அவற்றைத் தானே பெரிய கிண்ணத்தில் கொட்டினார். பிறகு பருத்த பழங்களாகப் பார்த்துப் பொறுக்கி ஒதுக்கினார். எங்கள் பாத்தியில் அவ்வளவு பெரிதாகப் பழுத்ததில்லை. வெறும் பெட்டிகளை அப்பா பையில் கட்டிக்கொண்டு போய்க் கடற்கரைத் தொட்டியில் போட்டார். ஒதுக்கிய பழங்களை என்னிடம் தந்தார்கள்.

ஞாயிறு மதியம் மகன் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார். இந்த வருடம் இனிப்புக் கூட என்றார். பிறகு எழுந்தார்.

"வா, செடிகளைக் காட்டு" என்றார் என்னிடம்.

லம்போனியைப் பறித்தால் காம்பில் ஒரு வெள்ளைக் குமிழ் மிச்சமிருக்கும். பறித்த பாத்தி முழுக்க அந்தக் குமிழ்கள் நிற்கும். இங்கே ஒன்றுகூட இல்லை என்பது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியுமா என்பது தெரியாது. திரும்பிப் பார்த்தேன். ஜன்னலில் சின்யோராவும் அவருக்குப் பின்னால் அம்மாவும் நின்றார்கள். அப்பா குழாயடியில் நின்றார். தண்ணீர் அவர் சப்பாத்துகளுக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது.

மகன் ஓர் இலையைப் புரட்டினார். "எல்லாம் பறித்தாயிற்றா?"

"ஸி" என்று தலையாட்டினேன்.

அவர் குனிந்து இன்னோர் இலையைப் பிடித்தார். அப்போது அவருடைய போன் அடித்தது. கதைத்துக்கொண்டே சுவர் ஓரமாக நடந்தார், திரும்பி வந்தார், மறுபடி நடந்தார். கதைத்து முடித்தபோது நான் அங்கே எதற்கு நிற்கிறேன் என்பதையே மறந்துவிட்டிருந்தார். போகிற வழியில் அப்பாவின் முதுகில் தட்டி, "பிராவோ" என்றார். மாலை விமானத்துக்குப் புறப்பட்டுவிட்டார்.

கார் தெருமுனையைத் தாண்டியதும் சின்யோரா சமையலறை நாற்காலியில் அமர்ந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். ஒரு வருடமாக அடக்கி வைத்த கோபம் இப்போது வருகிறது என்று நினைத்து, முகத்தை இறுக்கிக்கொண்டு நின்றேன். அவர் கண்களிலிருந்து நீர் வழிந்தது. பிடியை விடவில்லை.

"தப்பியிட்டம்" என்றார் அப்பா, எங்கள் அறையில். "இனி எங்களை ஒருத்தரும் அசைக்கேலாது."

"அப்ப அவ ஏன் அழுறா?" என்றார் அம்மா.

வருடங்கள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

அந்த வீடு சின்யோராவின் பெயரில் இருக்கவில்லை. மகனின் பெயரில் இருந்தது; அந்த முடிவு வந்திருந்தால் சின்யோராவும் வெளியேற வேண்டியிருந்திருக்கும்.