பின்னால் சுற்றாத முட்கள்

சிங்காநல்லூரில் மோட்டார் பட்டறையொன்றில் லேத் ஓட்டிய குமாரசாமியின் வீட்டில் இரண்டு அறைகள், இருபத்துமூன்று சுவர்க் கடிகாரங்கள். இடிக்கிற பங்களா, மூடுகிற லாட்ஜ் என்று எங்கே ஓடாத கடிகாரம் கிடந்தாலும் சாக்குப்பையோடு போய் நிற்பார். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக் கழுவி, தேய்ந்த பல்சக்கரத்துக்குப் பதில் புதிதாக வெட்டிப் பொருத்தி, ஓட வைத்துவிடுவார். எல்லாம் ஒன்றாக மணியடிப்பதால், ஞாயிற்றுக்கிழமை டிவி படத்தில் ஆறு மணிக்கு யார் என்ன வசனம் பேசினார்கள் என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

தொண்ணூற்று நாலில் ஒரு ஞாயிறு, மகள் கலாமணியைப் பெண் பார்க்கக் கருமத்தம்பட்டியிலிருந்து வருவதாக இருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா தம்பிதுரை, ராகு காலத்தில் தறிக்கு எண்ணெய்கூட விடமாட்டார் என்று தரகர் எச்சரித்திருந்தார். நாலரைக்கு ராகு காலம். நாலு மணிக்கு வர வேண்டியவர்களின் கார், நாலு நாற்பதுக்குத்தான் தெருமுனையில் திரும்பியது.

மனைவி தெய்வாத்தாள் உள்ளே ஓடி வந்தாள். “ஏனுங்க, எல்லாத்தையும் அரை மணி நேரம் பின்னால தள்ளிப்போடுங்க!”

“அவிங்க கையில வாட்ச்சு இருக்குமே, அம்மணி?”

“இருவத்திமூணு கடியாரம் ஒரே நேரம் காட்டுனா, வாட்ச்சுதான் தப்புன்னு நெனச்சுக்குவாங்க.”

“அதுக்கில்ல. முள்ளப் பின்னால சுத்துனா மணியடிக்கிற சக்கரம் கெட்டுப்போயிரும். முன்னாலதான் பதினொண்ணரை மணி நேரம் சுத்தோணும். ஒவ்வொரு மணிக்கும் நின்னு அடிக்க உடோணும்.”

“அப்பச் சுத்துங்க!”

வாசலருகே இருந்த பெரிய கடிகாரத்தில் ஆரம்பித்தார். ஐந்து அடித்தது. ஆறு அடித்தது. ஏழு அடிக்கும்போது தம்பிதுரை செருப்பைக் கழற்றினார். எட்டு அடிக்கும்போது உள்ளே வந்து, ஸ்டூல் மேல் நின்றவரை அண்ணாந்து பார்த்தார்.

“என்னங்க பண்றீங்க?”

குமாரசாமிக்குச் சட்டென்று பொய் வரவில்லை. “ராகு காலத்தத் தள்ளி வெக்கறனுங்க.”

தெய்வாத்தாள் கண்ணை மூடிக்கொண்டாள். கடிகாரம் ஒன்பது அடித்து முடித்தது.

தம்பிதுரை தன் மணிக்கட்டை நீட்டிக் காட்டினார். அதில் மணி நாலு பத்து. “வழியில பஞ்சருங்க. நானும் தள்ளிப்போட்டுத்தான் வந்தனுங்க.”

இரண்டு பக்கமும் உண்மையைச் சொல்லிவிட்ட பிறகு ராகு காலத்தை என்ன செய்வது? ஆறு மணி வரைக்கும் யாரும் பெண் பார்க்க வரவில்லை, சும்மா வந்திருக்கிறார்கள் என்று முடிவாயிற்று. கலாமணி பட்டுப்புடவையோடு சமையலறையில் அடைபட்டாள்.

குமாரசாமி பாதியில் விட்ட கடிகாரத்தைச் சரிசெய்யத் திறந்தார். தம்பிதுரை ஆர்வமாக எட்டிப் பார்க்க, இவருக்கு எல்லாமே மறந்துபோயிற்று.

“கலா, அந்தச் சின்ன ஸ்குரூ டிரைவர எடுத்தா கண்ணு!”

பழக்க தோஷத்தில் அவளும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

“நான் பாக்கலீங்க!” என்று தம்பிதுரை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கூட வந்தவர்களும் திரும்பினார்கள். மாப்பிள்ளை பாலகோபால் மட்டும் திரும்பவில்லை. கலாமணியும் ஸ்குரூ டிரைவரைக் கொடுத்துவிட்டு உடனே உள்ளே போகவில்லை.

ஆறு மணிக்கு எல்லாக் கடிகாரங்களும் அடித்து ஓய்ந்தன. “இப்பப் பொண்ணக் கூப்புடுங்க,” என்றார் தம்பிதுரை.

“பாத்துட்டனுங்கப்பா. புடிச்சிருக்குது,” என்றான் பாலகோபால்.

ஆவணியில் கல்யாணம். சம்பந்திகள் இருவரும் ஒருவர் கடிகாரத்தை மற்றவர் நம்பாததால், நாதஸ்வரக்காரரின் வாட்ச்சைப் பார்த்துத்தான் தாலி கட்டினார்கள்.