ஷூவோடு வெளியே நின்ற கால்

பக்கவாதத்துக்குப் பிறகு என் வலது பாதம் தானாக மேலெழும்பாது. முழங்காலுக்குக் கீழே ஒரு மின்பட்டை கட்டியிருக்கிறேன். ஷூவுக்குள் இருக்கும் சென்சார் குதிகால் எழுவதைச் சொன்னதும், பட்டை நரம்பில் மின்சாரம் பாய்ச்சும். பாதம் வெடுக்கென்று எழும்பும். ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே, எம்ஆர்டி ரயில் நிலையத்தில் எல்லாம் நன்றாகத்தான் நடந்தேன்.

சிராங்கூன் ரோட்டுக் கோயிலுக்கு மனைவிக்காகத்தான் போனேன். நோய் வந்ததிலிருந்து நான் சாமி கும்பிடுவதில்லை. வாசலில் எல்லாரையும் போல ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தேன். சென்சாரும் அதோடு வெளியே நின்றுவிட்டது என்று எனக்கு உறைக்கவே இல்லை. சன்னதிக்கு முன்னால் கால்விரல் தரையில் இடறி, குப்புற விழுந்தேன்.

யாரும் தூக்க வரவில்லை. சாஷ்டாங்கமாக விழுந்து கும்பிடுகிறேன் என்று நினைத்து, மரியாதையாக விலகி இடம் விட்டார்கள்.

"பார்த்து லா, அங்கிள மிதிச்சிடாத" என்று ஒருவர் தன் மகளை இழுத்துக்கொண்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையை ஊன்றிப் பார்த்தேன், எழ முடியவில்லை.

அர்ச்சனைத் தட்டோடு முன்னால் நின்றிருந்த மனைவி திரும்பினாள். அவள் கண்கள் நிறைந்துவிட்டன.

"இப்பவாச்சும் உங்களுக்கு மனசு வந்துச்சே" என்றாள்.

"ஆமா" என்றேன், தரையில் கிடந்தபடியே. "கொஞ்சம் தூக்கிவிடு."