பச்சைக் கதவும் பழகிப்போன மூக்கும்

"...தலையே சுத்துதுக்கா, இன்னா நாத்தம் இது?" என்று வாசலிலேயே நின்றுவிட்டாள் பக்கத்து வீட்டுச் செல்வி. கலவை என்கிற ஊர்ப் பக்கத்திலிருந்து ஆம்பூருக்குப் புதிதாக வாழ வந்தவள்.

எனக்கோ ஒன்றும் புரியவில்லை. "நாத்தமா? எங்கேடி?" என்றேன்.

சமையலறை அலமாரிக் கதவுகளில் எண்ணெய்ப் பிசுக்கு ஜாஸ்தியாகிவிட்டதென்று புலம்பியிருந்தேன். ஷூ கம்பெனியில் பசை துடைக்கிற தின்னரைக் கொஞ்சம் பாட்டிலில் கொண்டுவந்து கொடுத்தார் என் வீட்டுக்காரர். அதைத் துணியில் தொட்டுத் தேய்க்கத் தேய்க்க, துணி பச்சையாகிக்கொண்டே வந்தது. அழுக்கு எப்படிப் பச்சையாக இருக்கும் என்று குழம்பிக்கொண்டே இன்னும் அழுத்தித் தேய்த்தேன். கதவின் பச்சைப் பெயிண்டே கரைந்து வருவது எனக்கு உறைக்கவில்லை.

செல்வி எனக்குப் பின்னால் பார்த்தாள். அங்கே பால் காய்ந்துகொண்டிருந்தது.

"ஐயோ, அடுப்பு எரியுதேக்கா!"

ஓடிவந்து அணைத்தாள். ஜன்னலைத் திறந்தாள். ஃபேன் போடப் போன என் கையைத் தட்டிவிட்டாள். "கொளுத்திக்கப் பாத்தீங்களே! சுவிட்சுல ஒரு பொறி பறந்தாலே தின்னர் ஆவி பத்திக்கும்க்கா!" என்று என்னை வெளியே இழுத்து வந்தாள்.

என் வீட்டுக்காரர் சட்டையில் தினமும் வருகிற வாசனைதானே! என் மூக்குக்கு அது தெரியவே இல்லை.

இப்போது தின்னரை வீட்டுக்குள் விடுவதில்லை. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஈரத்தை ஒற்றிவிடுகிறேன். முதல் தடவை அப்படித் துடைத்தபோது பெருமையாகச் செல்வியைக் கூப்பிட்டேன். அவள் கதவைப் பார்க்கவே இல்லை. சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கி மோந்து பார்த்தாள்.