வீரையன் நடந்த வரப்பு

வீரையனை நான் முதலில் பார்த்தது 2018 ஆவணியில், பூதலூர் பக்கம் நடந்த பிசியோதெரபி முகாமில். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். வெள்ளைக் கோட்டுக்கு இஸ்திரி போட்டுப் போயிருந்தேன். எழுபது வயதுக்காரர், மனைவி பூவம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். முந்தைய மார்கழியில் வரப்பில் வழுக்கி விழுந்தவர். எலும்பு முறியவில்லை, ஆனால் பிறகு வயல் பக்கம் போகவில்லை.

அவருடைய அந்த ஒரு ஏக்கர் எழுபதுகளில் நில உச்சவரம்புச் சட்டத்தில் கிடைத்த பட்டா நிலம். அதற்காகக் கொடி பிடித்து இரண்டு முறை ஜெயிலுக்குப் போயிருக்கிறார். பக்கத்து வயல், அவர் பண்ணையாளாக வேலை பார்த்த பண்ணையாரின் பேரன் தியாகராசனுடையது. வீரையன் விழுந்தபின் நிலம் ஒரு போகம் தரிசாகக் கிடக்க, அதற்குள் வரப்பு நகர்ந்துவிட்டது. அளந்து தரச் சொல்லி மனுக் கொடுத்ததில், சர்வேயர் வரக் கார்த்திகையில்தான் தேதி கிடைத்தது. எல்லைக்கல் மண்ணுக்குள் புதைந்திருந்தது. இடம் தெரிந்தவர் வீரையன் மட்டும். வயல்களில் தண்ணீர் நிற்கும் நேரம், ஒரு அடி அகல வரப்பில் அரைக் கிலோமீட்டர் போக வேண்டும்.

அளக்கிற அன்றைக்குக் கட்டிலோடு தூக்கி வருவார்களா என்று தியாகராசன் டீக்கடையில் கேட்டாராம். அதிலிருந்து, மகன் தூக்கிப் போவதாகச் சொன்னாலும் வீரையன் ஒத்துக்கொள்ளவில்லை.

முகாம் முடிந்தபின் வாரம் ஒருமுறை அவர் வீட்டுக்குப் போனேன். நாற்காலியில் கை ஊன்றாமல் பத்துத் தடவை உட்கார்ந்து எழச் சொன்னேன்.

"பள்ளிக்கூடம் போகாதவனுக்கு இப்பத் தோப்புக்கரணமா, தம்பி?" என்றார். ஆனால் செய்தார்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துவது, ஒற்றைக் காலில் பத்து எண்ணுவது எல்லாம் சரியாக வந்தன. ஒரே கோட்டில் நடக்கும் பயிற்சிதான் வரவில்லை. நான் அவர் வீட்டு வாசலில் அரிசிமாவால் கோடு போட்டிருந்தேன். தினமும் கோட்டுக்கு இரண்டு பக்கமும் காலை அகட்டி நடக்கிறார் என்று பூவம்மாள் புகார் சொன்னார்.

"அரிசிமாவை மிதிப்பாங்களா?" என்றார் வீரையன்.

இதே பக்கத்தில் பிறந்த எனக்கு அது தோன்றியிருக்க வேண்டும். அவரே வைக்கோலைப் பிரியாக முறுக்கித் தரையில் நீளமாகப் போட்டுக்கொண்டார். பூவம்மாள் பக்கத்தில் நிற்க, மூன்று மாதம் அதன்மேல் அடிமேல் அடி வைத்து நடந்தார்.

அளக்கிற நாளில் நான் லீவு போட்டுப் போனேன். சர்வேயரும் தியாகராசனும் முன்பே வந்திருந்தார்கள். வீரையன் கம்போடு முன்னால் நடந்தார். நான் தொடாமல் பின்னால். பாதி வழியில் நண்டு வளை இருந்த இடம் சரிந்து அவருடைய இடதுகால் உள்ளே போனது. நான் கையை நீட்டினேன். அவர் பிடிக்கவில்லை. காலை உருவி, வலதுகாலில் நின்று, வாய்க்குள் பத்து எண்ணிவிட்டு அடுத்த அடியை வைத்தார்.

அவர் காட்டிய இடத்தில் கடப்பாரை கல்லில் இடித்தது. அது தியாகராசனின் நடவுக்குள் நான்கு அடி தள்ளி இருந்தது.

"நடந்தே வந்துட்டியே, வீரையா" என்றார் தியாகராசன்.

"தூக்கிட்டு வர ஆளு கெடைக்கல, தம்பி."

தியாகராசனின் தாத்தாவை 'ஆண்டே' என்று கைகட்டி நின்று கூப்பிட்டவர் வீரையன்.

வரப்பு பழைய இடத்துக்கு வந்தது. வீரையனுக்கு இப்போது எழுபத்தேழு வயது. பூவம்மாளோடு அதே வீட்டில் இருக்கிறார். நிலம் அவர் பெயரில் இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு தடவை போய்ப் பார்த்து வருகிறார்.