இடப்பக்கத்து இரைச்சல்

நான் நேரில் கண்டவற்றையும், தாளில் எழுதப்பட்டு இன்றும் என் கையில் இருப்பவற்றையும், யார் வாய்ச்சொல் என்று குறிப்பிடக் கூடியவற்றையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன். அதற்குக் காரணம் உண்டு. சரிபார்க்காத ஒன்றைச் சரிபார்த்ததாக ஒருமுறை கடிதமொன்றில் எழுதிக் கையொப்பமிட்டேன். அந்தக் கடிதம் போய்ப் பதினான்கு நாள் கழித்தே என் நண்பர் மருத்துவரிடம் சென்றார். அவருடைய இடக்காது இன்று கேட்பதில்லை. அதைப் பற்றி எழுதும்போது மறுபடியும் ஊகத்தை உண்மையென்று எழுதிவிட எனக்கு விருப்பமில்லை.

நண்பர் கண்டி நகரில், மத்திய சந்தைக்கு அருகே, திரைச்சீலைத் துணி விற்கும் கடை வைத்திருக்கிறார். ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். இளமையில் வளைகுடா நாடொன்றின் விடுதியில் ஆறு ஆண்டுகள் வேலை செய்தவர். அங்கேதான் ஹவுஸ் என்னும் நடன இசை தனக்குப் பழக்கமாயிற்று என்று சொல்லியிருக்கிறார். நான் யாழ்ப்பாணத்தில் படித்து, அரச அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பாளனாகக் கண்டிக்கு வந்தவன். சன்னலுக்குத் துணி வாங்கப் போன இடத்தில் அந்த இசையை முதன்முறை கேட்டேன். நான்கு அடியும் சமமாக விழும் முழவு. அதன்மேல் பியானோவும் ஓர்கனும். அவற்றுக்கு மேலே தேவாலயத்தில் பாடிப் பழகிய ஒரு பெண்குரல், ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடி ஒவ்வொரு முறையும் அதில் வேறொரு வேண்டுதலை வைக்கும். பதிகம் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த மீள்பாட்டு அந்நியமாகத் தோன்றவில்லை. துணியை அளந்து முடித்த பிறகும் நான் எழுந்து போகவில்லை. அவர் இன்னொரு கதிரையை இழுத்துப் போட்டார்.

அன்றிலிருந்து என்னை அவர் மாஸ்டர் என்றழைத்தார். நான் எவருக்கும் பாடம் சொல்லிக் கொடுத்ததில்லை. பிறர் எழுத்தைத் திருத்தும் வழக்கம் மட்டுமே உண்டு. நான் அவரை முதலாளி என்றழைத்தேன்.

ஐரோப்பாவிலுள்ள ஒரு கடையிலிருந்து ஆண்டுக்கு மூன்று முறை இருவரும் சேர்ந்து ஒரே பெட்டியாக இசைத்தட்டுகளை வரவழைப்போம். புதிதாக வெளிவருபவை அவருக்கு. பழைய தட்டுகளும் அவற்றின் மறுபதிப்புகளும் எனக்கு. பழுதான தட்டுக்கு மாற்றுத் தட்டு வேண்டுமானால், பெட்டி கிடைத்த இரண்டு வாரத்துக்குள் எழுத வேண்டும். ஆகவே ஒரு முறையை வகுத்தோம். புதுத் தட்டை ஒரே ஒருமுறை, இரு பக்கமும், முழுமையாக, ஹெட்போன் வழியாகக் கேட்க வேண்டும். எந்தப் பக்கம், எத்தனையாவது நிமிடம், என்ன பழுது என்று துண்டுச் சீட்டில் எழுத வேண்டும். முடிவு தெரியும்வரை அதை மறுபடி ஓட்டக்கூடாது. ஓட்டித் தேய்த்துவிட்டோம் என்று கடைக்காரர் சொல்ல இடம் வைக்கக்கூடாது. சோதனை முடியுமட்டும் பழைய தட்டு எதையும் அதே ஊசியில் வைக்கக்கூடாது. பழைய தூசு புதுத் தட்டில் ஏறும். இந்த விதிகளில் கடைசி இரண்டும் நான் இயற்றியவை.

அந்த மழைக்காலப் பெட்டி ஒரு திங்கட்கிழமை வந்தது. அஞ்சல் நிலையத்தில் நான்தான் எடுத்தேன். ஒன்பது தட்டுகள். என் ஐந்தும் மறுபதிப்புகள். அவருடைய நான்கும் ஒரே நிறுவனத்தின் புது வெளியீடுகள். அவர் காலையில் கடை திறக்கப் போகுமுன் வீட்டில் கேட்பவர். செவ்வாய், புதன், வியாழன் ஆகிய மூன்று காலைகளில் நான்கையும் கேட்டு முடித்தார். வியாழன் மாலை அலுவலகம் விட்டு நான் கடைக்குப் போனபோது நான்கு சீட்டுகளை மேசைமேல் வரிசையாக வைத்தார். நான்கிலும் ஏறத்தாழ ஒரே வாசகம்: இடப்பக்கம் ஒலி குறைவு; மெல்லிய இரைச்சல்; முதல் நிமிடத்திலிருந்து இறுதிவரை.

"மாஸ்டர், நாலும் எடது பக்கம் செத்துக் கெடக்கு. கொங்கா மேளம் இருக்க வேண்டிய எடத்துல 'சீ'ன்னு ஒரு எரச்சல்தான் வருது."

"நான் சொன்னனான் தானே முதலாளி. இப்ப அடிக்கிற தட்டெல்லாம் அவசரத்திலை அடிக்கிறது. பழசை வாங்குங்கோ எண்டால் கேக்கமாட்டியள்."

"ஆமா, ஒங்களுக்குச் சங்க காலத்துல அடிச்ச ரெக்கோட் கெடச்சாத்தான் திருப்தி."

துணிச்சுருள்களுக்கு அப்பாலிருந்து அவர் மனைவி அவரைக் கூப்பிட்டார். அவர் வாசற்பக்கம் திரும்பினார். மனைவி நின்றதோ அதற்கு நேர் எதிர்ப்பக்கம்.

"பாத்தீங்களா மாஸ்டர்? ரெண்டு மூணு நாளா இப்படித்தான். நான் இங்கிட்டுக் கூப்புட்டா அவரு அங்கிட்டுப் பாக்குறாரு. ரெக்கோட்டுக்கு மட்டுந்தான் காது, பொண்டாட்டிக்கு இல்ல."

"சளி பிடிச்சிருக்குடி. காது அடைச்சிருக்கு," என்றார் அவர். முந்திய சனிக்கிழமை ஹேவாஹெட்டவில் ஓர் உறவினரின் இறுதிச்சடங்குக்குப் போய் நனைந்து வந்திருந்தார். மூவரும் சிரித்தோம். நானும் சிரித்தேன் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அன்றிரவு என் ஐந்து தட்டுகளை என் வீட்டில் கேட்டு முடித்தேன். ஒரு குறையும் இல்லை. இதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தேன். ஒரே பெட்டி, ஒரே பயணம். மறுபதிப்புகள் நன்றாக இருக்கின்றன, ஒரே நிறுவனத்தின் புதியவை நான்கும் கெட்டிருக்கின்றன. எனவே தட்டை அடித்த வார்ப்பில்தான் பழுது. நெடுநாளாக நான் சொல்லிவந்த கட்சிக்கு இது நல்ல சான்றாகவும் இருந்தது. வெள்ளிக்கிழமை கடைக்காரருக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன். அலுவலகத்தில் ஒவ்வொரு மொழிபெயர்ப்பின் அடியிலும் 'மூலத்துடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையொப்பமிடுவது என் தொழில். அதே பழக்கத்தில் இக்கடிதத்தின் அடியிலும் அந்தக் கருத்துப்பட ஒரு வரி எழுதினேன். நான்கு தட்டுகளில் ஒன்றையேனும் நான் கேட்டிருக்கவில்லை. நான் ஒப்பிட்டது சீட்டுகளை மட்டுமே.

அடுத்த திங்களன்று பதில் வந்தது. மாற்றுத் தட்டுகள் அனுப்பத் தயார் என்றும், அதற்குமுன் ஊசியைத் துடைத்து, வயர்களை இறுக்கிப் பார்க்கும்படியும் பணிவாக எழுதியிருந்தார்கள். நியாயமான வேண்டுகோள். நண்பர் வயர்களைக் கழற்றித் துடைத்து மாட்டி, கடைக்காரரே கேட்டதால் நான்கில் ஒன்றை மட்டும் மறுபடி ஓட்டிப் பார்த்தார். மாற்றமில்லை. ஊசி தேய்ந்திருக்கக்கூடும் என்று நான் சொன்னேன். கண்டியில் அந்த வகை கிடைக்கவில்லை. கொழும்பில் சொல்லி வைத்து, புது ஊசி வந்து சேர மேலும் ஒரு வாரம் சென்றது. அந்த நாட்களில் இரு முறை தொலைபேசியில் பேசினோம். இரண்டாம் முறை அவர் சொன்னார்: "இந்தச் சளி விடமாட்டேங்குது மாஸ்டர். லேசா தல சுத்துது வேற." ஆவி பிடிக்கச் சொன்னேன், பிறகு ஊசி வந்ததா என்று கேட்டேன்.

புது ஊசியிலும் இடப்பக்கம் எழவில்லை. இனிக் கடைக்காரருக்கு இரண்டாம் கடிதம் எழுத வேண்டும். அதற்கு முன் ஒரு தட்டையாவது நானே கேட்டுவிடுவதுதான் முறை என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. வியாழக்கிழமை போயா, பௌர்ணமி விடுமுறை. தலாத்துஓயாவுக்கு முன்னே, மேட்டிலுள்ள அவர் வீட்டுக்குப் பஸ்ஸில் போனேன். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக என் தட்டொன்றையும் கையில் கொண்டுபோனேன்.

அவருடைய நான்கில் முதலாவதை ஓட்டச் சொல்லி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினேன். வலப்பக்கம் ஓர்கன். நடுவே குரல். இடப்பக்கம், மிகத் தெளிவாக, கொங்கா மேளம். விரல் தோலில் பட்டு விலகுவது வரை கேட்டது. கண்ணைத் திறந்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாஸ்டர், எரையுதா?"

"இல்லை. நல்லாக் கேக்குது."

"எடது பக்கமா?"

"ஓம். ரெண்டு பக்கமும்."

"வெளையாடாதீங்க," என்று சொல்லி ஹெட்போனை வாங்கி மாட்டினார். சிறிது நேரம் கேட்டார். தட்டை எடுத்துவிட்டு நான் கொண்டுபோன தட்டை வைக்கச் சொன்னார், வைத்தேன். அதையும் கேட்டார். பிறகு ஹெட்போனைக் கழற்றி, இடது வலதாக மாற்றிப் பிடித்து, மெல்ல மறுபடி மாட்டிக்கொண்டார். பழுது கருவியிலோ தட்டிலோ இருந்தால் இப்போது அது வலக்காதுக்கு இடம் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை என்பதை அவர் கை சொன்னது. கை இடக்காதின்மேலேயே நின்றது. அதை அழுத்திப் பார்த்தது. பிறகு ஹெட்போனை விலக்கி, காதுக்கருகே விரல்களைச் சொடுக்கிப் பார்த்தது.

இந்தச் சோதனைக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. வேறு பொருள் எதுவும் தேவைப்படவில்லை.

அடுக்களையிலிருந்து தேநீருடன் வந்த அவர் மனைவி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நடந்ததை நண்பரே மனைவிக்குச் சொன்னார். தட்டில் பழுதில்லை, தன் காதில்தான் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். அந்த அம்மையார் தேநீரை மேசைமேல் வைத்தார். என்னைப் பார்த்துத்தான் பேசினார், குரலை உயர்த்தவில்லை.

"ரெக்கோட்ட பாத்தீங்க. வயர பாத்தீங்க. கொழும்புலேருந்து ஊசி எடுத்துப் பாத்தீங்க. இவர ஒருத்தரும் பாக்கலையே மாஸ்டர்."

மறுநாள் காலை மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். காது மருத்துவர் ஒரு சிங்களப் பெண்மணி. எப்போது தொடங்கிற்று என்று கேட்டார். நண்பர் யோசித்தார். நான் பையிலிருந்து சீட்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தேன். தமிழில் எழுதியிருந்ததால் அவர் கேட்கக் கேட்க நான் சொன்னேன்: இடப்பக்கம் ஒலி குறைவு, மெல்லிய இரைச்சல், தேதி இன்னது. அவர் சுவர் நாட்காட்டியைப் பார்த்து எண்ணினார். முதல் சீட்டிலிருந்து அன்றுவரை பதினேழு நாள். இரைச்சல் என்று எழுதியிருந்தது காதுக்குள்ளேயே எழும் நோயின் இரைச்சல் என்றார். பிறகு சிங்களத்தில் நிதானமாக ஒன்று சொன்னார்: இப்படித் திடீரெனக் கேட்கும் திறன் குறைந்தால் முதல் சில நாட்களுக்குள் மருந்து தொடங்க வேண்டும்; நாட்கள் போகப் போக நம்பிக்கை குறையும்; இருந்தாலும் முயன்று பார்ப்போம்.

தொழில் பழக்கத்தால் அதை நான் தமிழில் சொல்லத் தொடங்கினேன். கடை நடத்தும் அவ்விருவருக்கும் என்னைவிடச் சிங்களம் நன்றாக வரும்.

"வெளங்கிருச்சு மாஸ்டர்," என்றார் நண்பரின் மனைவி.

மாத்திரைகள் கொடுத்தார்கள். பின்னர் செவிப்பறை வழியாக ஊசிமருந்தும் போட்டார்கள். ஒவ்வொரு பரிசோதனைக்கும் நான் போனேன். நான்காம் பரிசோதனைக்குப் பிறகு, இனி இதில் மாற்றம் வராது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார்.

இதற்கிடையே மாற்றுத் தட்டுகள் நான்கும் வந்து சேர்ந்தன; முதல் கடிதத்தை நம்பி, எங்கள் இரண்டாம் கடிதத்துக்குக் காத்திராமல், கடைக்காரர் அனுப்பியிருந்தார். திருப்பி அனுப்பிவிட்டு உண்மையை எழுதும்படி நண்பர் சொன்னார்.

"என்னண்டு எழுத?"

"ரெக்கோட்ல பிழ இல்ல, எங்க பக்கம்தான் பிழன்னு எழுதுங்க."

"உங்கடை பக்கம் ஒரு பிழையும் இல்லை. சரிபாத்தன் எண்டு எழுதினது நான்."

"எங்கன்னே எழுதுங்க மாஸ்டர். சீட்டு என்னுது, கையெழுத்து ஒங்களுது. பிரிச்சு எழுதினா அவனுக்கு ஒண்ணும் வெளங்காது."

அவர் சொன்னபடியே எழுதினேன். அடியில் வழக்கமான வரியை எழுதவில்லை. அவர் என்மேல் கோபப்பட்டு நான் கண்டதில்லை. அவர் மனைவி இப்போதும் எனக்குத் தேநீர் தருகிறார். வேறு அதிகம் பேசுவதில்லை.

பெட்டி வரவழைப்பதை நாங்கள் நிறுத்தவில்லை. அவருடைய அம்பிளிபயரில் இரு பக்க ஒலியையும் ஒன்றாக்கும் விசை ஒன்று உண்டு. அதைப் போட்டுவிட்டு வலக்காதால் கேட்கிறார். சில நாட்களில் புதுத் தட்டொன்றை ஓட்டி ஹெட்போனை என்னிடம் நீட்டுவார். "எடது பக்கம் என்ன வச்சிருக்கான்? சொல்லுங்க." நான் கேட்டுச் சொல்வேன்: ஒரு கிற்றார், இரு பெண்குரல்கள், சில வேளை ஒன்றுமில்லை. உறுதியாகத் தெரியும்வரை மறுபடி ஓட்டிக் கேட்டுவிட்டே சொல்கிறேன். அவர் தலையசைப்பார். நான் சொல்வதைக் கொண்டு அவர் உள்ளே என்ன கேட்கிறார் என்று நான் விசாரித்ததில்லை.

எனக்குத் தெரியாதவை இவை. அந்தக் காது எந்த நாளில் கெடத் தொடங்கிற்று என்பது தெரியாது; முதல் சீட்டின் தேதி மட்டுமே உண்டு, அதற்குமுன் எத்தனை நாள் சென்றிருந்தன என்று சொல்ல எவராலும் முடியவில்லை. நோய்க்குக் காரணம் என்னவென்று மருத்துவர் சொல்லவில்லை. தனக்கும் தெரியாது என்றார். வெள்ளிக்கிழமை கடிதம் எழுதுவதற்குப் பதிலாக நான் அவருடைய தட்டொன்றைக் கேட்டிருந்தால், சனிக்கிழமையே மருந்து தொடங்கியிருந்தால், கேட்கும் திறன் திரும்பியிருக்குமா என்று மருத்துவரிடம் ஒருமுறை தனியே கேட்டேன். சிலருக்குத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது, இவர் எவ்வகை என்று இனி அறிய வழியில்லை என்றார்.