வலிப்பு நின்றது, கோபம் வந்தது

என் கணவர் செஞ்சி நெல் மண்டியில் எடை போடுபவர். பழைய மாத்திரைக்கு வலிப்பு அடங்காததால் டாக்டரம்மா புதிய மாத்திரை எழுதினார். வலிப்பு நின்றது. ஆனால் அதிர்ந்து பேசாத மனிதர் உப்பு குறைந்தாலே தட்டைத் தள்ளினார். "மாத்திரையில மிளகாத்தூள் கலந்துட்டாங்களா?" என்று கிண்டல் செய்தேனே தவிர, டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை.

ஒருநாள் மகள் அவரைக் கண்டு கதவுக்குப் பின்னால் ஒளிந்தாள். அதைப் பார்த்தவர் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். அந்த வாரமே மண்டியில் வலிப்பு வந்து விழுந்தார். நல்லவேளை, நெல் குவியல்மேல். இரும்புத் தராசு பக்கத்திலேயே இருந்தது.

"புள்ள பயப்படுதும்மா" என்று டாக்டரம்மாவிடம் அழுதார்.

"சிலருக்கு இந்த மாத்திரையால கோபம் வரும். சொல்லியிருந்தா மெல்ல மாத்தியிருப்பேனே!"

இப்போது வேறு மாத்திரை. மருத்துவமனைக்கு மகளையும் அழைத்துப் போகிறேன். போனமுறை அவர் கோபத்தைப் பற்றி நான் சொல்வதற்குள் அவளே முந்திக்கொண்டாள்: "நைனா ஒரே ஒரு வாட்டிதான் கத்துச்சு டாக்டர். அதுவும் கிரிக்கெட் பாக்கறப்ப."