ஆரின் வீட்டுக் கணப்பு

ஊர்ச் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிற ஆரினுக்கு வாய் கொஞ்சம் நீளம். வெர்மான்டில் எங்கள் மலையூர்க்காரர்கள் பேச்சில் கஞ்சர்கள். அவர்கள் மிச்சம் பிடித்ததையெல்லாம் இவன் ஒருவனே தாராளமாகச் செலவழித்தான். விறகு விஷயத்தில் மட்டும் அவன் சொல்லில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாது. மேப்பிள் மரத்தை வெட்டிப் பிளந்து, இரண்டு கோடை காயவிட்டுத்தான் வீட்டுக்குள் எடுப்பான்.

வம்பு அடுப்பில் வந்தது. எண்ணெயில் ஓடிய பழைய சூடேற்றியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, கண்ணாடிக் கதவு வைத்த இரும்பு அடுப்பு ஒன்றை வாங்கினான். கூடத்துச் சுவரில் இருந்த செங்கல் கணப்புக்குள் அதை முழுசாகத் தள்ளிப் பொருத்தினான். பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. பக்கத்து வீட்டு டெல்மரின் அடுப்போ சமையலறை நடுவில் நிற்கும். நடுவீட்டில் மாட்டைக் கட்டி வைத்திருக்கிறான் என்று ஆரின் ஊரெல்லாம் கேலி பேசிக்கொண்டிருந்தான்.

அடுப்பைப் பார்க்க வந்த டெல்மர் குனிந்து, புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தான்.

"குழாயச் சுத்தி மேல தொறந்து கெடக்கேப்பா. ஒரு தகரத்த வச்சு அடை. அடுப்பையும் கொஞ்சம் முன்னால இழு. இல்லாட்டி சூடு பூரா மேல போயிடும்."

"உன் மாட்ட நீ பாத்துக்க. என் அடுப்ப நான் பாத்துக்கறேன்."

டெல்மர் போனபின் ஆரின் ரகசியமாக ஒரு தகரத்தை வெட்டிப் பார்த்தான். நாலு விரற்கடை அகலம் குறைந்தது. ஊரில் அத்தனை அகலத் தகரம் வைத்திருப்பவன் டெல்மர் ஒருவன்தான். அத்தனை பேசிவிட்டு எந்த முகத்தோடு போய்க் கேட்பது? வெட்டியதைக் கொட்டகையில் போட்டுவிட்டான்.

அந்தக் குளிர்காலம் அடுப்பு விறகை விழுங்கிக்கொண்டே இருந்தது. வானத்துக்குத்தான் கதகதப்பு. ஆரின் அடுப்புக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, குளிர்கிறதா என்று மனைவி வெர்னாவைக் கேட்பான். இல்லையே, நல்லாத்தானே இருக்கு என்பாள் அவள், ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டராகப் போட்டுக்கொண்டு. அவனும் நம்பினான், நம்பாமல் இருக்க வசதிப்படவில்லை. ஆனால் யாராவது வருகிறார்கள் என்றால், சோபாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த மின்சார ஹீட்டரைத் தட்டிவிடுவான். மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று, கரண்ட் போனால் எல்லாரும் என் வீட்டுக்கு வாருங்கள், வெறும் சட்டையோடு உட்காரலாம் என்று அழைப்பும் விட்டான்.

அந்த வருஷ டிசம்பரிலேயே கரண்ட் போனது. பெய்த மழை கிளையிலும் கம்பியிலும் அப்படியே உறைந்து, பாரம் தாங்காமல் கம்பிகள் அறுந்து விழுந்தன. மதியம் சாலையின் கீழ்வளைவில் குடியிருக்கும் இளந்தம்பதி டாஸனும் கீலியும் போர்வைகளோடு வந்து நின்றார்கள். கீலியின் கோட்டுக்குள் பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத குழந்தை.

"கூட்டத்துல நீங்க சொன்னீங்களே, அதான் வந்தோம்" என்றாள்.

ஆரின் விறகைத் திணித்தான். கண்ணாடிக்குப் பின்னால் நெருப்பு கொழுந்துவிட்டு எரிந்தது. கீலி கோட்டைக் கழற்றவேயில்லை. வீடு வீடாக விசாரித்துக்கொண்டு டெல்மரும் வந்து சேர்ந்தான். குழந்தையை நெருப்புக்குக் கிட்டே கொண்டுபோகலாமென்று டாஸன் சோபாவை இழுத்தான். பின்னாலிருந்த ஹீட்டர் வயரோடு நடுக்கூடத்தில் சரிந்து விழுந்தது.

வெர்னாதான் சட்டென்று முன்னால் வந்தாள்.

"அது என்னோடது. எனக்குக் கால் சில்லுனு ஆயிடும், அதான் வாங்கினேன்."

அந்த வீட்டில் அன்று நன்றாகச் சுட்டது ஆரினின் முகம் ஒன்றுதான். பேசாமல் இருந்தால் தப்பித்திருக்கலாம். குழந்தையின் கை வெளியே நீண்டிருந்தது. தொட்டுப் பார்த்தான். ஜில்லென்றிருந்தது.

"அவ பொய் சொல்றா. அது என்னோடது" என்றான். "இந்த வீடு ரெண்டு குளிர்காலமா சூடாகல. டெல்மர், கொழந்தைய உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

டெல்மர் ஹீட்டரைப் பார்த்தான், அவனையும் பார்த்தான். "மாட்டுக்கொட்டாய்ல நெறைய எடம் இருக்கு. நீயும் வா."

டெல்மரின் அடுப்புமேல் பீன்ஸ் பானை கொதித்துக்கொண்டிருந்தது. குழந்தை விரல்களை விரித்துத் தூங்கிப்போனது. வெர்னா கோட்டைக் கழற்றினாள், பிறகு ஒரு ஸ்வெட்டர், அதற்கடியில் இன்னொன்று. உள்ளே நீல நிறத்தில் அரைக்கை உடுப்பு. அவள் பிறந்தநாளுக்கு அவனே வாங்கிக் கொடுத்தது. அவள் அதைப் போட்டு ஆரின் பார்த்ததே இல்லை.

"நல்லாருக்கு, நல்லாருக்குன்னு ஏன் சொன்ன?" என்று மெதுவாகக் கேட்டான்.

அவள் வெறுங்கைகளை அடுப்புக்கு நேரே நீட்டிக்கொண்டாள். "கண்ணாடியத் தொடச்சிட்டு வந்து உக்காந்து என் மூஞ்சியவே பாப்பியே. என்னன்னு சொல்றது?"

ஆரினால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. டெல்மர் பக்கம் திரும்பினான்.

"தகரம் இருக்கா? நாலு விரக்கடை பத்தல."